ஃபார்ம்ல எழுதணுமா, விட்டுறலாமா? – பட்டாளத்து வீடுகளோட கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல போலீஸ் வெரிஃபிகேஷன், செக்யூரிட்டி கிளியரன்ஸ் (ஒருத்தரை நம்பி ரகசிய விஷயம் குடுக்கலாமான்னு விசாரிச்சுக் குடுக்குற அனுமதி) பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம். மதுரை டவுன்ல இருந்தும் அலங்காநல்லூர், உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் பக்கமிருந்தும் லெட்டரும் வாய்ஸ் மெசேஜுமா நெறைய வந்திருக்கு. பேரு, யூனிட் நம்பர், எந்தத் தெருங்கிறதெல்லாம் வேணும்னேதான் எடுத்துட்டேன், தேடாதீங்க. நான் ஆர்மில கிளார்க் ட்ரேடுல இருந்து ரிட்டயர் ஆனவன், வக்கீல் கிடையாது. கோர்ட் விஷயம் வர்ற எடத்துல வக்கீலைப் பாருங்கன்னு சொல்லுவேன், தட்டிக் கழிக்கிறேன்னு எடுத்துக்காதீங்க.

கேள்வி: ஐயா, எம் மகன் அக்னிவீர்ல செலக்ட் ஆகி ட்ரெயினிங் சென்டருக்குப் போயிட்டான். அங்க ஒரு வெரிஃபிகேஷன் ஃபார்ம் குடுத்து எழுதச் சொல்லிருக்காங்களாம். 2024 பொங்கலப்ப எங்க ஊர்ல பர்மிஷன் இல்லாம வடமாடு மஞ்சுவிரட்டு விட்டாங்கன்னு போலீஸ் கேஸ் போட்டாங்க, வேடிக்கை பாக்கப் போன இவன் பேரும் அதுல இருக்கு. அப்ப அவனுக்கு பதினேழரை வயசுதான். எல்லாரோடயும் சேந்து கோர்ட்ல ஃபைன் கட்டிட்டு வந்துட்டான். கேஸ்தான் முடிஞ்சுபோச்சே, எழுதாத, எழுதுனா வேலை போயிரும்னு ஊர்ல பெரியவங்க சொல்றாங்க. ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது.
– ஒரு அம்மா, அலங்காநல்லூர் பக்கம்

பதில்: அம்மா, ஃபார்ம் இன்னும் கையில இருந்தா இன்னிக்கே பையனுக்குப் போன் போட்டு எழுதச் சொல்லுங்க. குடுத்துட்டான், அதுல இல்லைன்னு போட்டுட்டான்னா அதுக்கும் ஒரு வழி இருக்கு, கடைசில சொல்றேன்.

அந்த ஃபார்மை சர்வீஸ் பூரா கையில வச்சுப் பாத்தவன் நான். மேலயே எச்சரிக்கை போட்டிருக்கும், தப்பான தகவல் குடுத்தாலோ தெரிஞ்சதை மறைச்சாலோ அதுவே தகுதிக் குறைவு, பின்னால எப்பத் தெரிஞ்சாலும் வேலையை விட்டு எடுக்கலாம்னு. அதுக்குக் கீழ பேரு, அப்பா அம்மா விவரம், கடைசி 5 வருஷத்துல ஒரு வருஷத்துக்கு மேல தங்குன எடம், படிச்ச ஸ்கூல் எல்லாம் வரும். அப்புறம் வரிசையா கேப்பாங்க: எப்பவாச்சும் கைது ஆகிருக்கியா, கேஸ் நடந்திருக்கா, கோர்ட் ஃபைன் போட்டிருக்கா, தண்டனை ஆகிருக்கா, இப்ப எதுவும் பெண்டிங்ல இருக்கா, பரீட்சை எழுதவிடாம நிறுத்தி வச்சாங்களா. ஒவ்வொண்ணுக்கும் ஆமா, இல்லன்னு பதில் போடணும். பாருங்க, ஃபைன்கிறதைத் தனியாவே கேக்குறாங்க. அந்த எடத்துல பையன் ‘இல்ல’ன்னு எழுதுனா அது ஞாபக மறதின்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்க.

நம்ம பக்கம் ஒரு நெனப்பு இருக்கு, ஃபைன் கட்டிட்டா கேஸ் க்ளோஸ், ஒண்ணும் கெடையாதுன்னு. ஊர்க் கேஸ்ல எல்லாரும் கும்பலா போய் நின்னு ‘ஆமாங்க ஐயா’ன்னு சொல்லிட்டு பணத்தைக் கட்டிட்டு டீ குடிச்சிட்டு வந்துருவாங்க. ஆனா கோர்ட்ல குத்தத்தை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டுனா சட்டப்படி அது தண்டனைதான், விடுதலை இல்ல. பெரியவங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் சொல்றாங்க, ஆனா இந்த விஷயத்துல அவங்க பேச்சைக் கேட்டா பையனுக்குத்தான் கெடுதல்.

மறைச்சா தெரியாமப் போகுமான்னா, தெரிஞ்சுரும். ஃபார்ம் ட்ரெயினிங் சென்டர்ல இருந்து நம்ம மாவட்டத்துக்கு வரும், அங்கிருந்து உங்க லோக்கல் ஸ்டேஷனுக்கு வந்து ரெக்கார்டைப் பாப்பாங்க. இப்பல்லாம் எஃப்ஐஆர் முழுக்க கம்ப்யூட்டர்ல இருக்கு, பேரைத் தட்டுனா வந்து நிக்கும். அப்ப ஃபார்ம்ல ‘இல்ல’, ரிப்போர்ட்ல ‘ஆமா’ன்னு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முட்டும். மாடு வேடிக்கை பாத்த கேஸுக்காக ஒரு பயலை வீட்டுக்கு அனுப்ப அதிகாரிக்கு மனசு வராது, பொய் எழுதுனான்னு ஃபைல்ல ஏறிட்டா அவரும் என்ன செய்வாரு.

இதைப் பத்தி சுப்ரீம் கோர்ட்ல 3 ஜட்ஜ் உக்காந்து 2016 ஜூலைல ஒரு தீர்ப்பு சொன்னாங்க, அவதார் சிங் கேஸ்னு வக்கீல்கிட்டக் கேட்டா உடனே சொல்லுவாரு. வேலைக்கு வர்றவன் குடுக்குற தகவல் உண்மையா இருக்கணும்கிறதுதான் அடிப்படை. அதே தீர்ப்புல, சின்ன வயசுல கோஷம் போட்டது மாதிரி சில்லறைக் கேஸா இருந்தா, அதைச் சொல்லாம விட்டிருந்தாக்கூட வேலை குடுக்குறவங்க மன்னிச்சு விடலாம்னும் இருக்கு. உண்மையைச் சொன்னாலும் அந்த ஆளு பொருத்தமான்னு பாக்குற உரிமை அவங்களுக்கு இருக்குன்னும் சொல்லிருக்கு, அதையும் உங்ககிட்ட மறைக்கல. அதனால எழுதுனா கண்டிப்பா வேலை நிக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. மறைச்சாத்தான் ஆபத்து அதிகம், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

இப்ப உங்க மகனுக்குச் சாதகமா உள்ளதைச் சொல்றேன், இதைத்தான் முக்கியமா கவனிக்கணும். கேஸ் நடந்தப்ப அவனுக்கு 18 ஆகல. எஃப்ஐஆர்ல வயசு என்ன போட்டிருக்குன்னு மொதல்ல பாருங்க. இந்த மாதிரி கும்பல் கேஸ்ல ஆதார், மார்க் ஷீட்டு எதையும் பாக்காம 19, 20னு ஒரு நம்பரைப் போட்டுட்டுப் போயிருப்பாங்க. 18 ஆகாத பையனை பெரியவங்களோட சேத்து சாதாரண கோர்ட்ல நிறுத்தி ஃபைன் போட்டிருக்கவே கூடாது, சிறார் நீதி வாரியத்துக்குத்தான் போயிருக்கணும். 2015 சிறார் நீதிச் சட்டத்துல 9வது பிரிவு இருக்கு, அதன்படி ‘சம்பவம் நடந்தப்ப நான் மைனர்’ங்கிறதை எந்தக் கோர்ட்லயும் எந்தக் கட்டத்துலயும், கேஸ் முடிஞ்ச பெறகுகூட எழுப்பலாம். 24வது பிரிவுப்படி அப்படி ஒரு கேஸால எந்த வேலைக்கும் தகுதி போகாது. பத்தாவது மார்க் ஷீட்டும் பிறப்புச் சான்றும் எடுத்துட்டு, மதுரை மாவட்டக் கோர்ட் வளாகத்துல இருக்குற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. நீங்க பெண்ங்கிறதால உங்க பேர்ல வர்ற மனுவுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமாவே வக்கீல் குடுக்கணும்னு சட்டம் இருக்கு. பையன் பேர்ல போடணும்னாலும் என்ன வழின்னு அங்கயே சொல்லுவாங்க.

இன்னொண்ணும் வக்கீல்கிட்டக் கேளுங்க. தடையை மீறுனதுக்குப் போடுற பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) 188வது பிரிவுல போலீஸ் தானா எஃப்ஐஆர் போட முடியாது, உத்தரவு போட்ட அதிகாரி கோர்ட்ல எழுத்து மூலமா புகார் குடுக்கணும்னு நம்ம ஒத்தக்கடை ஹைகோர்ட் பெஞ்ச்லயே 2018ல விவரமா தீர்ப்பு வந்திருக்கு. உங்க கேஸ்ல என்னென்ன செக்‌ஷன்னு தெரியாம நான் மேல பேசக்கூடாது.

ஃபார்ம்ல எழுதும்போது கதையெல்லாம் வேணாம். ஸ்டேஷன் பேரு, கேஸ் நம்பர், வருஷம், செக்‌ஷன், கோர்ட் பேரு, ஃபைன் எவ்வளவு, என்னிக்குக் கட்டுனதுன்னு எழுதி, ‘அப்போது எனக்கு 18 வயது பூர்த்தியாகவில்லை’ன்னு ஒரு வரி போடணும். எஃப்ஐஆர் காப்பி, கோர்ட் தீர்ப்போட சர்டிஃபைடு காப்பி, பத்தாவது மார்க் ஷீட்டு மூணும் கூட வைக்கணும். ஏற்கெனவே ‘இல்ல’ன்னு குடுத்துட்டான்னா, போலீஸ் ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடி அவனே தன்னோட ஜேசிஓ (சுபேதார் மாதிரி மேலதிகாரி) மூலமா ஒரு திருத்த மனு குடுக்கணும், குடுத்ததுக்கு ஒரு காப்பில தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வச்சுக்கணும். யாரும் கேக்காமலே தானா வந்து சொன்னதுக்கு மதிப்பே தனி. அங்க உள்ள ஜேசிஓ சாப்கிட்ட நேரா போய் நிக்கச் சொல்லுங்க, கடிச்சுத் திங்க மாட்டாங்க.

கேள்வி: சார், என் மகன் வேலைக்குப் போன எடத்துல அமெரிக்காவுல க்ரீன் கார்டு வாங்கி, அப்புறம் அந்த நாட்டு ஆர்மில சேந்து இப்ப சிட்டிசனும் ஆயிட்டான். செக்யூரிட்டி கிளியரன்ஸ் வேணும்னு ஒரு பெரிய ஃபார்ம் எழுதுறானாம், எங்க பிறந்த தேதி, நான் பாத்த வேலை, ஊர்ல இருக்குற நெலம் வரைக்கும் கேக்குறான். நான் மின்வாரியத்துல வேலை பாத்து பென்ஷன் வாங்குறவன். எங்களால அவனுக்கு எடைஞ்சல் வருமா? எங்க பேரை எழுதாம விட்டா நல்லதா? கே.கே.நகருக்கு அமெரிக்கக்காரங்க வந்து விசாரிப்பாங்களா?
– ஓய்வு பெற்ற தந்தை, மதுரை

பதில்: சார், உங்க லெட்டரைப் படிச்சப்ப உங்க மனசு புரிஞ்சது, பெத்தவங்களே புள்ளைக்கு பாரமா ஆயிருவோமோங்கிற பயம். அப்படி எதுவும் இல்ல. அவரு எழுதுறது எஸ்எஃப் 86ங்கிற ஃபார்ம். அதுல அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி, மாமனார் மாமியார் எல்லாரையும் எழுதியே ஆகணும், எந்த நாட்டுல இருந்தாலும். பேரு, பிறந்த தேதி, பிறந்த ஊரு, விலாசம், எந்த நாட்டுக் குடிமகன், என்ன வேலை, எத்தனை நாளைக்கு ஒரு தடவை பேசுறீங்கன்னு எல்லாம் வரும். உங்க பேரை விட்டா அது பொய் வாக்குமூலம், அந்த நாட்டுச் சட்டப்படி 5 வருஷம் வரைக்கும் ஜெயில் உள்ள குத்தம். ஆக, எழுதாம விடுறதுங்கிற பேச்சே வேணாம்.

அங்க கிளியரன்ஸ்ல கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட்னு மூணு படி இருக்கு. பொதுவா அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான் குடுப்பாங்க, க்ரீன் கார்டுல இருந்தப்ப உங்க மகனுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஆளு தகுதியான்னு பாக்க 2017 ஜூன்ல இருந்து எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் பொதுவா 13 தலைப்பு வச்சிருக்காங்க. கடன், குடி, போதை மருந்து, கிரிமினல் கேஸ், மனநிலை, கம்ப்யூட்டரைத் தப்பா பயன்படுத்துனது இப்படிப் போகும், அதுல ஒண்ணுதான் வெளிநாட்டுத் தாக்கம். சொந்தக்காரங்க வெளிநாட்டுல இருக்குறதே குத்தம்னு அதுல இல்ல. அந்தச் சொந்தத்தை வச்சு யாராச்சும் இவரை மெரட்டவோ இழுக்கவோ முடியுமா, அது எந்த நாடு, அந்தச் சொந்தக்காரருக்கு அங்க கவர்மென்ட்டு, மிலிட்டரி, உளவுத்துறை தொடர்பு உண்டான்னு எல்லாத்தையும் சேத்து வச்சு மொத்தமா ஆளைப் பாத்துத்தான் முடிவு பண்றாங்க. மின்வாரியம் மாநில அரசோட நிறுவனம், அதனால ‘அரசு சார்ந்த வேலை, இப்ப ஓய்வு, பென்ஷன் வருது’ன்னு அப்படியே எழுதச் சொல்லுங்க. ‘எஞ்சினியரிங் வேலை’ன்னு பூசி மெழுக வேணாம்.

நான் கவலைப்படுற எடம் வேற. நம்ம வயசு ஆளுங்களுக்கு பிறந்த தேதி ரெண்டு இருக்கும், ஸ்கூல்ல சேக்க வாத்தியார் போட்டது ஒண்ணு, வீட்ல ஜாதகத்துல இருக்குறது இன்னொண்ணு. அம்மாக்களுக்கு ரேஷன் கார்டுல ஒரு பேரு, பாஸ்போர்ட்ல ஒரு பேரு, ஆதார்ல ஒரு எழுத்து கூடவோ குறையவோ இருக்கும். மகன் ஏற்கெனவே க்ரீன் கார்டுக்கும் சிட்டிசன்ஷிப்புக்கும் குடுத்த பேப்பர்ல உங்க பேரும் தேதியும் எப்படி இருக்கோ, இதுலயும் அதே மாதிரி வரணும். வித்தியாசம் இருந்தா ‘ரெண்டு தேதி இருக்கு, காரணம் இது’ன்னு குறிப்புக்குன்னு இருக்குற கட்டத்துல எழுதிரச் சொல்லுங்க. நீங்களும் அம்மாவும் உக்காந்து பாஸ்போர்ட், பென்ஷன் புக்கு, ஆதார் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு தாள்ல எழுதி அனுப்புனா அவருக்குப் பெரிய உதவி.

அடுத்தது சொத்து. ஊமச்சிகுளம் பக்கம் புள்ளை பேர்ல ஒரு பிளாட்டு வாங்கிப் போட்டுட்டு, அவன்கிட்ட சர்ப்ரைஸா சொல்லலாம்னு வச்சிருக்குற அப்பாக்களை எனக்குத் தெரியும். அப்படி ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க, வெளிநாட்டுல நெலம், வீடு, பேங்க் அக்கவுண்ட் இருக்கான்னு தனியா கேள்வி இருக்கு, ஜாயின்ட் அக்கவுண்ட்டும் அதுல சேரும். வெளிநாட்டுக் குடிமக்கள் யாருக்காச்சும் பண உதவி பண்ணிருக்கியான்னும் கேக்குறாங்க, அவங்க கணக்குல நீங்கதான் அந்த வெளிநாட்டுக்காரர், மாசாமாசம் அவரு உங்களுக்கு அனுப்புற பணம் அதுல வரணும். தங்கச்சி கல்யாணத்துக்குக் குடுத்ததும் வரணும். எழுதுறதுக்கு வெக்கப்பட ஒண்ணுமில்ல, அப்பா அம்மாவைப் பாத்துக்கிற புள்ளைங்கிறது நல்ல பேருதான்.

கே.கே.நகருக்கு ஆளு வந்து கதவைத் தட்டுறது பெரும்பாலும் நடக்காது. விசாரணை அங்க இருக்குற ரெக்கார்டு, கிரெடிட் ரிப்போர்ட், மகனோட நேர்ல பேசுறது, டாப் சீக்ரெட்னா அக்கம்பக்கத்துல கூடவேலை செய்றவங்ககிட்ட கேக்குறது இப்படித்தான் போகும். அதனால ‘அமெரிக்கன் ஆர்மி வெரிஃபிகேஷன்ல இருந்து பேசுறோம்’னு யாராச்சும் உங்களுக்குப் போன் பண்ணி ஓடிபியோ பணமோ கேட்டா கட் பண்ணிருங்க, மகனுக்குச் சொல்லிருங்க.

ரெண்டு விஷயம் நீங்க கேக்கல, ஆனா உங்களுக்கு வேணும். மகன் அமெரிக்கக் குடிமகன் ஆன அன்னிக்கே நம்ம 1955 குடியுரிமைச் சட்டம் 9வது பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை போயிருச்சு, பழைய பாஸ்போர்ட்டை சரண்டர் பண்ணணும், அதை வச்சு ஊருக்கு வரக்கூடாது. எல்லாரும் ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடிமக்கள் ஆன நம்ம வம்சாவளிக்காரங்களுக்கு இந்திய அரசு குடுக்குற அட்டை) எடுத்துக்கலாம்னு சொல்லுவாங்க, ஆனா வெளிநாட்டு ராணுவத்துல இருக்குறவங்களுக்கும் இருந்து ரிட்டயர் ஆனவங்களுக்கும் ஓசிஐ குடுக்குறதில்லைன்னு நம்ம கவர்மென்ட் விதி. பக்கத்து வீட்டு ஐடி பையன் ஓசிஐல வர்றானேன்னு ஒப்பிடாதீங்க, உங்க மகன் விசா எடுத்துத்தான் வரணும். அதோட கிளியரன்ஸ் உள்ளவங்க சொந்த வேலையா வெளிநாடு போறதுன்னா முன்கூட்டியே அங்க ரிப்போர்ட் பண்ணணும். அறுபதாம் கல்யாணம், காதுகுத்துன்னு எது வச்சாலும் தேதியை நல்லா முன்னாடியே சொல்லிருங்க. பொண்ணு பாக்குறதா இருந்தாலும் அப்படித்தான், இந்தியப் பொண்ணைக் கட்டக்கூடாதுன்னு இல்ல, ஆனா அதை அவரு அவங்க ஆபீஸ்ல சொல்லணும். கிளியரன்ஸ் கெடச்ச பெறகும் தொடர்ந்து கவனிச்சுட்டே இருக்குற சிஸ்டம் அங்க வந்துருச்சு.

அப்புறம், அவருக்கு என்ன வேலை, எந்த ஊரு, எங்க அனுப்புறாங்கங்கிறதை சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க. பெருமையா இருக்கும், எனக்குப் புரியுது. ஆனா யூனிஃபார்ம் போட்டோ கூட அவரைக் கேக்காமப் போட வேணாம்.

கேள்வி: ஊர்ல 15,000 ரூவா குடுத்தா ஆர்மி செக்யூரிட்டி கிளியரன்ஸ் சர்ட்டிபிகேட் முன்கூட்டியே வாங்கித் தர்றேன், அது இருந்தா ஆள்சேர்ப்பு ரேலில ஈசியா எடுத்துக்குவாங்கன்னு ஒருத்தர் சொல்றாரு. வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், திருமங்கலம்

பதில்: தம்பி, அப்படி ஒரு சர்ட்டிபிகேட்டே கெடையாது. நம்ம நாட்டுலயும் சரி, மேல சொன்ன அமெரிக்காவுலயும் சரி, தனியாளா அப்ளை பண்ணி கிளியரன்ஸ் வாங்கி பையில வச்சுக்க முடியாது. எடுத்துக்கிற படைதான், தனக்குத் தேவைன்னா விசாரிச்சுக்கும், அதுக்கு உங்ககிட்ட காசு வாங்காது. ரேலிக்கு உங்க பொறுப்புல வேண்டியது நன்னடத்தைச் சான்று, இருப்பிடச் சான்று, கல்யாணம் ஆகலைங்கிற சான்று இந்த மாதிரி பேப்பர்தான், அதுலயும் நன்னடத்தையும் கல்யாணம் ஆகாத சான்றும் 6 மாசத்துக்குள்ள வாங்குனதா இருக்கணும், நோட்டிஃபிகேஷனைப் படிச்சுப் பாருங்க. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டம் எல்லாம் கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குக் கீழ வருது. சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் திருச்சிக்குக் கீழ. அந்த ஆளுக்கு ஜிபேல ஏற்கெனவே பணம் போட்டிருந்தா உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் பண்ணுங்க.

கேள்வி: அண்ணே, நான் சர்வீஸ்ல இருக்கேன், இப்ப லீவுல ஊருக்கு வந்திருக்கேன். பேஸ்புக்ல ஒரு பொண்ணு பழக்கம், மிலிட்டரி ஆஸ்பத்திரில நர்ஸ்னு சொல்லுச்சு, இந்திலதான் பேசும். மொதல்ல சாப்டியா தூங்குனியான்னு இருந்துச்சு, அப்புறம் யூனிட் எங்க, எப்ப வேற எடத்துக்கு மூவ்னு கேக்க ஆரம்பிச்சுருச்சு. கேட் முன்னாடி நின்ன போட்டோ ஒண்ணு அனுப்பிட்டேன். இப்ப புது சிம்முக்கு வர்ற ஓடிபி சொல்லுன்னு கேக்குது. ப்ளாக் பண்ணிட்டு எல்லாத்தையும் அழிச்சுட்டா போதுமா?
– உசிலம்பட்டி பக்கம்

பதில்: தம்பி, அழிக்காதீங்க. ஒரு மெசேஜ் கூட அழிக்காதீங்க. பதிலும் போடாதீங்க, ஓடிபி சொல்லவே சொல்லாதீங்க, சண்டை போட்டு ‘நீ யாரு’ன்னு கேக்கவும் வேணாம். இந்திய நம்பர்ல வாட்ஸ்அப் திறந்து அதை வச்சு அடுத்த ஜவானைப் பிடிக்கிறதுக்குத்தான் அந்த ஓடிபி கேக்குறாங்க, எல்லைக்கு அந்தப் பக்கத்து ஏஜென்ட்டுங்க செய்ற வேலையில இது ரொம்பப் பழகுன முறை. சாப்டியான்னு ஆரம்பிச்சு மூவ்மென்ட்ல வந்து நிக்கிறதும் அதே வரிசைதான். உங்களுக்கு வந்தது நர்ஸா இல்லையான்னு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனா நம்ம ஆஸ்பத்திரில வேலை பாக்குற பொண்ணுக்கு உங்க யூனிட் எப்ப மூவ்ங்கிறது எதுக்கு?

இன்னிக்கே, நாளைக்கில்ல, உங்க கம்பெனி சீனியர் ஜேசிஓவுக்கோ யூனிட் நிர்வாகம் பாக்குற அட்ஜுடன்ட்டுக்கோ வேற போன்ல இருந்து சாதாரண கால் போட்டு ‘இப்படி ஒரு விஷயம், நேர்ல சொல்லணும்’னு சொல்லுங்க. விவரத்தைப் போன்ல கொட்ட வேணாம், எப்ப வரணும் யாரைப் பாக்கணும்னு அவங்க சொல்லுவாங்க. லீவை கேன்சல் பண்ணிட்டு வான்னு சொன்னா கெளம்பிருங்க, வீட்ல அவசர வேலைன்னு சொன்னாப் போதும். அந்த போனை ரீசெட் பண்ணாம அப்படியே எடுத்துட்டுப் போங்க, அது பழசோ புதுசோ, அதுதான் உங்களுக்குச் சாட்சி. எந்தத் தேதில அறிமுகம், என்ன போட்டோ அனுப்புனீங்க, பணம் ஏதாவது வந்துச்சா, ஏதாவது ஆப் டவுன்லோடு பண்ணச் சொல்லி லிங்க் வந்துச்சான்னு ஒரு தாள்ல எழுதிக்கங்க.

சொல்லிட்டா ஒண்ணுமே ஆகாதுன்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். 2020 ஜூலைலயே ஆர்மி பேஸ்புக், இன்ஸ்டாகிராம் சேத்து 89 ஆப்பை போன்ல இருந்து எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது, அந்தக் கேள்வி வரும், திட்டு விழும், ஏதாச்சும் தண்டனைகூட இருக்கலாம். ஆனா கேட் போட்டோவோட நின்ன விஷயத்தை நீங்களே வந்து சொன்னா அது ஒழுங்கு நடவடிக்கையோட போக வாய்ப்பு இருக்கு. சொல்லாம இருந்து, அவங்க அந்த போட்டோவைக் காட்டியே மெரட்டி, நீங்க அடுத்ததையும் குடுத்துட்டீங்கன்னா அங்க நிக்கிறது 1923 அரசு ரகசியச் சட்டம், ராணுவ சம்பந்தமா உளவு பாத்த குத்தத்துக்கு 14 வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு. இன்னிக்கு நீங்க இன்னும் இந்தப் பக்கம்தான் நிக்கிறீங்க. வீட்ல அம்மாகிட்ட சொல்ல முடியாத கூச்சம் இருக்கும், அது எனக்குப் புரியுது, சிஓகிட்ட (யூனிட்டோட கமாண்டிங் ஆபீசர்) சொல்லலாம். அவரு இந்த மாதிரி எத்தனையோ பாத்திருப்பாரு.

தம்பி, பணக் கஷ்டம் ஏதாவது இருக்கான்னும் கேட்டுக்கிறேன், நீங்க எழுதல, ஆனா இந்த வலை பெரும்பாலும் கடன்ல இருக்குற ஆளைத்தான் தேடும். கந்துவட்டிக்கு வாங்கி மாட்டியிருந்தா அதையும் யூனிட்ல சொல்லுங்க, 2003லயே தமிழ்நாட்டுல அதுக்குன்னு சட்டம் இருக்கு, எஸ்பி ஆபீஸ்ல புகார் குடுக்கலாம். ஆர்மி கையெழுத்தோட ஒரு லெட்டர் போனா அந்தப் புகார் நகரும்.

கேள்வி: என் தம்பி ஆர்மில இருக்கான். ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாம்ல பொறந்து வளந்த ஒரு பொண்ணைக் கட்டணும்னு சொல்றான், எங்களுக்கும் சம்மதம். 2001ல பொறந்த புள்ள, இங்கயே காலேஜ் முடிச்சிருக்கு. சிலோன் புள்ளைன்னு தெரிஞ்சா அவன் செக்யூரிட்டி விஷயத்துல பிரச்னை வரும், மதுரைப் பொண்ணுன்னு மட்டும் எழுதிக் குடுன்னு கூட்டாளிங்க சொல்றாய்ங்க. என்ன செய்ய?
– அண்ணன், சமயநல்லூர்

பதில்: சம்மதம்னு எழுதுனீங்க பாருங்க, அதுக்கே உங்களைக் கும்பிடணும். அந்தப் புள்ளைக்காகவாச்சும் இதை நேர் வழில செய்வோம்.

இந்தியக் குடிமகளா இல்லாத பொண்ணைக் கட்டணும்னா தம்பி முன்கூட்டியே எழுத்துல அனுமதி கேக்கணும், இது கல்யாணத்துக்கு முன்னாடி நடக்க வேண்டியது, அனுமதி மறுக்கவும் வாய்ப்பு உண்டு. மறைச்சுக் கட்டுனா, கல்யாணத்தைப் பதிவு பண்ண பார்ட் டூ ஆர்டர் (யூனிட் ரெக்கார்டுல ஏத்துற உத்தரவு) போடும்போது, டிபெண்டன்ட் கார்டு எடுக்கும்போது, குவார்ட்டர்ஸ் கேக்கும்போதுன்னு ஒவ்வொரு எடத்துலயும் பொண்டாட்டி பேப்பரைக் கேப்பாங்க. ஒரு பொய்யை வாழ்க்கை பூரா தூக்கிட்டுத் திரிய அந்தப் புள்ளை என்ன தப்புப் பண்ணுச்சு.

அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு: அந்தப் பொண்ணு உண்மையிலயே வெளிநாட்டுக் குடிமகளா? முகாம்ல இருக்காங்கன்னாலே எல்லாரும் ஒரே கணக்குன்னு நெனச்சுக்கிறோம். 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்தியாவுல பொறந்தவங்க பொதுவா பிறப்பாலயே இந்தியக் குடிமக்கள். அதுக்குப் பெறகு 2004 டிசம்பர் 3க்கு முன்னாடி பொறந்தவங்கன்னா, அப்பாவோ அம்மாவோ ஒருத்தர் அந்த நேரத்துல இந்தியக் குடிமகனா இருந்தாப் போதும். நீங்க சொல்ற பொண்ணு 2001ல பொறந்தது, அப்ப இந்த ரெண்டாவது விதிதான். அவங்க அப்பா வழி, அம்மா வழி ரெண்டுலயும் யாராச்சும் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்தவங்களான்னு கேளுங்க. 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கிட்டது, அப்படி இந்தியப் பாஸ்போர்ட் குடுத்து ராமநாதபுரம் பக்கத்து மண்டபம் முகாம் வழியா வந்தவங்க தாயகம் திரும்பியோர், அகதிங்க இல்ல, முழு இந்தியக் குடிமக்கள். பொண்ணோட அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அந்தப் பேப்பர் இருந்தா பொண்ணும் இந்தியக் குடிமகளே. தோட்டத்து வம்சமா இருந்தும் 1983 இலங்கைக் கலவரத்துக்கு அப்புறம் படகுல வந்து அகதியா பதிவானவங்களும் நெறைய இருக்காங்க, அவங்க கதை சிக்கல், வக்கீல் வேணும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல இலங்கை வரல, அதை நம்பி இருக்காதீங்க.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, நிச்சயத்துக்கு நாள் குறிக்காம மொதல்ல பொண்ணு வீட்டுக்குப் போய் தாத்தா பாட்டி காலத்து பெட்டியைத் திறக்கச் சொல்லுங்க. பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, மண்டபம் முகாம்ல குடுத்த தாள், பொண்ணோட பிறப்புச் சான்று எது கெடச்சாலும் பத்திரமா ஸ்கேன் பண்ணுங்க, ஒரிஜினலை யார்கிட்டயும் குடுக்காதீங்க. பொண்ணோட பேர்லயே சட்டப்பணிகள் ஆணைக்குழுல மனு போட்டா இலவசமா ஆலோசனை கெடைக்கும். தம்பி அதே நேரத்துல யூனிட்ல ஹெட் கிளார்க்கைப் பாத்து, ‘முகாமில் பிறந்தவர், குடியுரிமை ஆவணம் சரிபார்ப்பில் உள்ளது’ன்னு உள்ளபடியே எழுதி அனுமதி மனு குடுக்கட்டும். பதில் வர மாசக்கணக்கா ஆகலாம், ஆடி முடியட்டும் ஆவணில வச்சுக்கலாம்னு கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துறாதீங்க. பெட்டில என்ன பேப்பர் இருந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க, அதைப் பாத்துட்டு அடுத்து எந்த ஆபீஸுக்குப் போகணும்னு சொல்றேன்.